ஏற்பூசியும் எங்கள் தலைமுறையும்

(நூற்றாண்டு விழாவின் மகளிர் நல அரங்கில், சுகாதார சேவையில் கடமையாற்றி ஓய்வுபெற்ற பழைய மாணவிகள் ஐவர் சேர்ந்து தயாரித்து வழங்கிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக்குழுவினர் எங்களிடம் "நோய்த்தடுப்பு" என்ற ஒரு சொல்லைத் தந்து, இருபது நிமிடத்துக்குள் பேசி முடிக்கும்படி கேட்டார்கள். நாங்கள் ஐவர். இருவர் தாதியராகவும் இருவர் குடும்பநல உத்தியோகத்தராகவும் ஒருவர் மருந்தாளராகவும் வேலை செய்து ஓய்வுபெற்றவர்கள். எதைப் பேசுவதென்று ஒரு பின்னேரம் நெல்லியடியில் எங்களில் ஒருவரின் வீட்டு விறாந்தையில் கூடினோம். தேத்தண்ணி ஆறும்வரை பேசியது நோயைப் பற்றியல்ல, பள்ளிக்கூடத்தில் ஊசி போட்ட நாட்களைப் பற்றித்தான்.

அந்த நாட்கள் உங்களுக்கும் நினைவிருக்கும். முதலாம் பாடம் நடக்கும்போதே வாசலில் வாகனச் சத்தம் கேட்கும். "ஊசி போட வந்திருக்கினம்" என்ற செய்தி மேல் வகுப்பிலிருந்து கீழ் வகுப்புக்குப் பறக்கும். உடனே சிலருக்கு வயிற்றுக்குத்து, சிலருக்குத் தலைச்சுற்று. பின்மதிலோரம் போய் ஒளித்தவர்களும் உண்டு. அப்படி ஒளித்தவர்களில் ஒருவர்தான் பிற்காலத்தில் வடமராட்சியில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு ஊசி போட்டவர். பெயர் சொல்ல மாட்டோம். இந்த மேடையில்தான் இருக்கிறார்.

எங்கள் வயதினரின் புயத்தைப் பார்த்தாலே எந்தக் காலத்துப் பிள்ளை என்று சொல்லிவிடலாம். அக்காமாரின் கையில் வட்டமாக, நடுவில் பள்ளமாக ஒரு பெரிய தழும்பு இருக்கும். அது அம்மைப்பால் கட்டிய அடையாளம். பெரியம்மைக்கான அந்த மருந்து 1802 ஆம் ஆண்டிலேயே இலங்கைக்கு வந்துவிட்டது. 1980 இல் பெரியம்மை உலகத்திலிருந்தே ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்த பிறகு, பிள்ளைகளுக்கு அந்தத் தழும்பு தேவைப்படவில்லை. சின்னத் தழும்பு பி.சி.ஜி. ஊசியினுடையது. சயரோகத்துக்கு எதிரான அந்த ஊசியை இலங்கையில் 1949 இல் தொடங்கினார்கள். இன்று பிள்ளை பிறந்து ஆஸ்பத்திரியை விட்டு வெளியேற முன்பே அதைப் போட்டுவிடுகிறார்கள்.

ஏற்பூசி தழும்பு விடுவதில்லை. அதனால்தான் அதை மறந்து போகிறோமோ என்று எங்களில் ஒருவர் கேட்டார். அந்தக் கேள்வியோடு இன்றைய பேச்சு ஏற்புவலியைப் பற்றியதென்று முடிவாகிவிட்டது.

எங்கள் பாட்டிமார் காலத்தில் ஏற்புவலி என்றால் முதலில் நினைவுக்கு வந்தது பச்சைக் குழந்தை. வீட்டில் பிள்ளை பிறக்கும். கையில் கிடைத்த கத்தியாலோ பிளேட்டாலோ தொப்புள்கொடியை வெட்டுவார்கள். சில வீடுகளில் புண் காயட்டும் என்று சாம்பலோ வேறு ஏதோ பூசுவார்கள். குழந்தை இரண்டு மூன்று நாள் நன்றாகப் பால் குடிக்கும். பிறகு ஒருநாள் வாயைத் திறந்து முலையைப் பிடிக்க முடியாமல் அழும். அடுத்தது உடம்பு விறைக்கும். தொட்டால் விறைக்கும், சத்தம் கேட்டால் விறைக்கும். பேய் பார்த்தது, கண்ணூறு பட்டது என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே பிள்ளை போய்விடும். "எனக்குப் பிறந்தது ஒன்பது, தங்கினது ஆறு" என்று எங்கள் பாட்டிமார் கணக்குச் சொல்வார்கள். போன மூன்றும் என்ன நோயில் போயின என்று யாரும் கேட்டதில்லை.

இது பழங்கதை மட்டுமல்ல. 1988 ஆம் ஆண்டில்கூட உலகம் முழுவதும் 787,000 பச்சிளங் குழந்தைகள் ஏற்புவலியால் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. 2018 இல் அது ஏறத்தாழ 25,000 ஆகக் குறைந்தது. இலங்கையில் கர்ப்பிணித் தாய்மாருக்கு ஏற்பூசி போடத் தொடங்கியது 1969 இல். முதற் கர்ப்பத்தில் இரண்டு, பின்னர் ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் ஒன்று என மொத்தம் ஐந்து வரை. தாயின் உடம்பில் உண்டாகும் எதிர்ப்புச் சக்தி கொடிவழியே பிள்ளைக்குப் போகிறது. பிள்ளை பிறக்க முன்பே பாதுகாப்போடு பிறக்கிறது. இந்த ஊசியும், மிதிவண்டியில் வீடு வீடாகப் போன மருத்துவமாதரும், ஆஸ்பத்திரிப் பிரசவமும் சேர்ந்துதான் அந்த நோயை எங்கள் ஊர்களிலிருந்து துரத்தின. 2016 இல் இலங்கை உள்ளடங்கிய தென்கிழக்காசியப் பிராந்தியத்திலேயே தாய் சேய் ஏற்புவலி ஒழிக்கப்பட்டதாக அறிவித்தார்கள்.

இந்த "ஒழிப்பு" என்ற சொல்லில்தான் ஒரு சிக்கல் இருக்கிறது. பெரியம்மை ஒழிந்தது என்றால் ஒழிந்ததுதான். அந்தக் கிருமி மனிதரிடம் மட்டுமே வாழ்ந்தது. மனிதரிடம் இடமில்லாமற் போனதும் அதற்குப் போக்கிடமில்லை. போலியோவும் அப்படித்தான், இலங்கையில் கடைசி நோயாளி 1993 இல் காணப்பட்டார். ஏற்புவலிக் கிருமியோ மண்ணில் இருக்கிறது. மாட்டுச் சாணத்தில் இருக்கிறது. எங்கள் வெங்காயத் தறையிலும் புகையிலைத் தோட்டத்திலும் மாட்டுக் கொட்டிலிலும் வித்து வடிவில் ஆண்டுக்கணக்காக உறங்கிக் கிடக்கும். வெயிலுக்கும் சாகாது, கொதிதண்ணிக்கும் இலகுவில் சாகாது. அதை ஒழிக்க வேண்டுமென்றால் வடமராட்சி மண்ணை முழுதாகக் கழுவ வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. சின்னமுத்து ஆளிலிருந்து ஆளுக்குத் தொற்றுவது. ஊரில் எல்லாப் பிள்ளைகளும் ஊசி போட்டிருந்தால், போடாத ஒரு பிள்ளையும் அந்த நிழலில் தப்பிவிடும். ஏற்புவலி ஆளிலிருந்து ஆளுக்குத் தொற்றாது. அதனால் பக்கத்து வீட்டார் போட்ட ஊசி உங்களைக் காப்பாற்றாது. உங்கள் பிள்ளை போட்டதும் உங்களைக் காப்பாற்றாது. அவரவர் ஊசி அவரவருக்கு.

துருப்பிடித்த ஆணி குத்தினால்தான் ஏற்புவலி வரும் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். துருவில் நஞ்சில்லை. ஆணி ஆழமாகப் போவதும், அதனோடு மண் போவதும்தான் காரணம். இந்தக் கிருமி காற்றில்லாத இடத்தில் பெருகுவது. விரிந்து இரத்தம் ஓடும் வெட்டுக்காயத்தை விட, வெளியே ஒரு பொட்டுப்போலத் தெரியும் முட்குத்து அதற்கு நல்ல இடம். பனங்கருக்கு, கிளுவை முள், வேலிக்கம்பி, நெருஞ்சி, மண்வெட்டி, உடைந்த போத்தல் எதுவும் போதும். காயத்தில் பெருகும் கிருமி ஒரு நஞ்சை விடும். அது நரம்பு வழியே ஏறித் தசைகளை இறுக்கும். பெரும்பாலும் மூன்று நாளிலிருந்து மூன்று கிழமைக்குள் நோய் தெரியும். அதற்குள் காயம் ஆறியே போயிருக்கும்.

எங்கள் வேலைக்காலத்தின் நடுப்பகுதி முழுவதும் போர்க்காலம். அதைப் பற்றி இந்த மலரில் வேறு பலர் எழுதுவார்கள். நாங்கள் ஊசி மருந்தை மட்டும் சொல்கிறோம். தடுப்பு மருந்துகளை 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் வைக்க வேண்டும். கூடினாலும் பிழை, ஏற்பூசி மருந்து உறைந்தாலும் பிழை. 1990 இலிருந்து குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லை. வீட்டில் ஜாம் போத்தல் விளக்கு. அதற்கும் எண்ணெயைத் துளித்துளியாக எண்ணி ஊற்றிய காலம். அந்தக் காலத்தில் மருந்து வைத்த பெட்டிக்கு மண்ணெண்ணெய் தேடுவதும், பனிக்கட்டிப் பொதி உருக முன் கிளினிக் முடிப்பதும் எங்கள் வேலையில் பாதியாக இருந்தன. குளிர்பெட்டியைச் சைக்கிள் கரியரில் கட்டி, மேலே ஈரச்சாக்குப் போட்டு, குச்சொழுங்கையால் மிதித்த பாதைகள் இன்றும் காலுக்குத் தெரியும்.

1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழும்பி வந்தது. தென்மராட்சிக்கும் வடமராட்சிக்குமாகச் சனம் நிரம்பியது. பாடசாலைகள், கோயில் மடங்கள், மரத்தடிகள் எல்லாம் வீடுகளாயின. மழைக்காலம் வேறு. பிள்ளைகளின் கிளினிக் காட் எல்லாம் விட்டு வந்த வீடுகளில் இருந்தன. எந்தப் பிள்ளைக்கு எந்த ஊசி முடிந்தது, எது மிச்சம் என்று தாய்மாரின் நினைவை மட்டும் நம்பித்தான் கேட்டு எழுதினோம். நாங்கள் எதிர்பாராத விதத்தில் அந்த நினைவு மிகச் சரியாக இருந்தது. தாலிக்கொடியை எங்கே வைத்தோம் என்று மறந்தவர்கள்கூட "மூண்டாவது முக்கூட்டு ஊசி ஆவணியில போட்டது, காய்ச்சல் வந்தது" என்று சொன்னார்கள். சிலர் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்த ஒரே கடதாசி அந்தக் காட்தான். போலியோ சொட்டு மருந்து கொடுக்கும் தேசிய நாட்களில் சுடுவதை நிறுத்தி வைக்க இரு தரப்பும் யுனிசெப் ஊடாக இணங்கிய காலமும் தொண்ணூறுகளில் இருந்தது. துவக்குச் சத்தம் ஓய்ந்த அந்த நாட்களில் பிள்ளைகளை வரிசையில் தூக்கி நின்ற தாய்மாரை நாங்கள் மறக்கவில்லை.

இந்தத் தாய்மாரைப் பற்றி நாங்கள் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தபோதுதான், எங்களில் ஒருவர் அந்த அம்மாவின் கதையை நினைவூட்டினார். இங்கே வந்து சொல்வதா வேண்டாமா என்று அன்று எங்களுக்குள் வாக்குவாதம் நடந்தது. சொல்வதென்றே தீர்மானித்தோம்.

சில வருடங்களுக்கு முன் நடந்தது. எழுபதைக் கடந்த ஒரு அம்மா, வேலி அடைக்கும்போது காலில் கருக்குமட்டை குத்திவிட்டது. கிணற்றடியில் கழுவி, மஞ்சளும் தேங்காயெண்ணெயும் வைத்துக் கட்டினார். நாலாம் நாள் காயம் ஆறிவிட்டது. ஒன்பதாம் நாள் வாய் திறக்கக் கடினமாக இருந்தது. பல்லுக்கொதி என்று நினைத்து உப்புத்தண்ணி கொப்பளித்தார். அடுத்தநாள் மகள் பல் வைத்தியரிடம் கூட்டிப்போனாள். பல்லில் ஒன்றுமில்லை. அன்று பின்னேரம் கழுத்து விறைத்தது. இரவு முதுகு வில்லாக வளைந்தது. அந்த வேதனை முழுவதிலும் நினைவு தெளிவாக இருக்கும் என்பதுதான் இந்த நோயின் கொடுமை. தீவிர சிகிச்சைப் பிரிவில், வெளிச்சமும் சத்தமும் குறைத்த அறையில், செயற்கைச் சுவாசத்தோடு பல கிழமைகள் கிடந்தார். தப்பினார். எல்லோரும் அப்படித் தப்புவதில்லை.

அவருக்குப் பிள்ளைகள் நாலு. நாலு பேரின் காட்டும் இரங்குப்பெட்டியில், இடம்பெயர்ந்த ஊர்களெல்லாம் சுற்றி வந்து, பத்திரமாக இருந்தன. ஒரு ஊசியும் தவறவில்லை. அவருக்குக் கடைசியாக ஏற்பூசி போட்டது 1979 இல், கடைசிப் பிள்ளை வயிற்றிலிருந்தபோது. அதற்குப் பிறகு அவருக்கு யாரும் போடவில்லை, அவரும் கேட்கவில்லை.

அவர் எங்களுக்குத் தெரியாதவரல்ல. மகள் வேலைக்குப் போவதால் பேரப்பிள்ளைகளை எங்கள் கிளினிக்குக்குத் தூக்கி வந்தவர் அவர்தான். பிள்ளையின் தொடையில் நாங்கள் ஊசி போடும்போது மடியில் இறுக்கிப் பிடித்திருந்தவர் அவர்தான். ஒரு தடவையல்ல, வருடக்கணக்காக. பிள்ளையின் நிறையைக் கேட்டோம், காய்ச்சலைக் கேட்டோம், அடுத்த திகதியைச் சொன்னோம். "அம்மா, உங்களுக்கு எப்ப போட்டது?" என்று ஒருநாளும் கேட்கவில்லை. கேட்கும்படி எங்கள் படிவத்தில் ஒரு நிரல் இல்லை என்பது உண்மைதான். ஆனால் படிவத்தில் இல்லாத எத்தனையோ விஷயங்களை அந்த வாங்கிலிருந்து நாங்கள் கேட்டிருக்கிறோம்.

குணமாகி வீட்டுக்குப் போகும் அன்று அவருக்கு ஏற்பூசி போட வேண்டும் என்றபோது மகள் கோபப்பட்டாள். "வந்து மாறின நோய்க்கு இனி ஏன் ஊசி?" நியாயமான கேள்வி. சின்னமுத்து ஒருமுறை வந்தால் பிறகு வராது. ஏற்புவலி அப்படியல்ல. ஆளையே கொல்லக்கூடிய நஞ்சின் அளவு, உடம்பின் எதிர்ப்புச் சக்தியை எழுப்பப் போதாத அளவுக்குச் சிறியது. வந்து மாறியவருக்கும் மீண்டும் வரலாம். அவருக்கும் ஊசிதான் பாதுகாப்பு.

வெளியுலகில் இதற்குக் கண்கண்ட கணக்குகள் உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஏற்பூசி போடப்பட்ட அமெரிக்கப் படையினரில், காயப்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டவர்கள் 25 இலட்சத்துக்கும் மேல். ஏற்புவலி கண்டவர்கள் 12 பேர் மட்டுமே. இதன் மறுபக்கம் 2004 மார்கழி 26. எங்கள் வடமராட்சிக் கிழக்குக் கரையைத் தூக்கி எறிந்த அதே கடல்தான் இந்தோனேசியாவின் ஆச்சே கரையையும் அடித்தது. மரமும் தகரமும் சேறும் கிழித்த காயங்கள். அடுத்த ஒரு மாதத்துக்குள் ஆச்சேயில் 106 பேருக்கு ஏற்புவலி. 20 பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் வளர்ந்தவர்கள். இலங்கையிலும் இப்போது இந்த நோய் காண்பது அநேகமாக வயது போனவர்களிடம்தான். சிறுவயதில் ஊசித் திட்டம் வர முன் பிறந்த ஆண்கள், பிள்ளைப்பேற்றோடு ஊசியை நிறுத்திய பெண்கள். அதாவது, இந்த மண்டபத்தில் அமர்ந்திருக்கும் எங்களில் பாதிப்பேரும், வீட்டில் விட்டுவந்த எங்கள் கணவன்மாரும்.

தங்கைமார் இளையவர்கள், அவர்களுக்குச் சொல்ல வேண்டியது குறைவு. 1978 இல் தொடங்கிய விரிவாக்கப்பட்ட நோய்த்தடுப்புத் திட்டத்துக்குள் பிறந்தவர்கள் நீங்கள். உங்கள் பிள்ளைகளுக்கு இரண்டு, நான்கு, ஆறு மாதங்களில் ஐங்கூட்டு ஊசி, பிறகு பதினெட்டு மாதம், பள்ளிக்கூடம் சேரும் வயது, ஏழாம் வகுப்பு என்று ஏற்புவலிக்கு எதிரான மருந்து வந்துகொண்டே இருக்கும். ஏழாம் வகுப்பு ஊசியைத் தவறவிடாதீர்கள். ஆறாம் வகுப்பில் பெண்பிள்ளைகளுக்கு 2017 இலிருந்து கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு எதிராக எச்.பி.வி. ஊசி போடுகிறார்கள். அதற்குக் கையொப்பம் கேட்டு வரும் கடிதத்தைப் பிள்ளையின் பையிலேயே கசங்க விடும் தாய்மார் இருக்கிறார்கள். "பிறகு பிள்ளை பிறக்காதாம்" என்று கைத்தொலைபேசியில் வந்த ஒரு குரல் போதும். அது பொய். பயம் வந்தால் குரல் அனுப்பியவரிடம் அல்ல, குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.

கேள்வி கேட்பதை நாங்கள் குறை சொல்லவில்லை. ஐங்கூட்டு ஊசி 2008 இல் அறிமுகமாகிய சில மாதங்களிலேயே, ஊசி போட்ட சில குழந்தைகள் இறந்ததாக வந்த அறிக்கைகளால் நிறுத்தி வைக்கப்பட்டது. நிபுணர்கள் ஆராய்ந்த பின் 2010 இல்தான் திரும்ப வந்தது. அந்த இரண்டு வருடமும் தாய்மார் கேட்ட கேள்விகளுக்கு எங்களிடம் உடனே விடையில்லை. "பார்க்கிறார்கள், பார்த்துச் சொல்வார்கள்" என்றோம். மறைக்காமல் நிறுத்தியதுதான், பிறகு திரும்பக் கொண்டுவரும்போது சனம் நம்பியதற்குக் காரணம் என்பது எங்கள் அபிப்பிராயம். நம்பிக்கை தளர்ந்தால் என்னவாகும் என்பதற்குத் தூரம் போக வேண்டாம். சின்னமுத்தை ஒழித்த நாடென்று 2019 இல் சான்று பெற்ற இலங்கையில், 2023 இல் அது திரும்பப் பரவியது.

எல்லாவற்றுக்கும் ஊசி உண்டென்றும் நினைக்க வேண்டாம். 2024 மார்கழியில் எங்கள் பக்கமெல்லாம் பரவி உயிர்களைக் கொண்டுபோன எலிக்காய்ச்சலுக்கு இங்கே போடும் ஊசி கிடையாது. வயலில் இறங்குவோருக்கு முற்காப்பு மாத்திரையும், காய்ச்சல் வந்த முதல்நாளே வைத்தியசாலைக்குப் போவதும்தான் வழி. ஊசி இல்லாத நோய்க்கு இவ்வளவு ஓடித்திரிந்தோம். ஊசி உள்ள நோய்க்கு ஏன் கையைக் கொடுக்காமல் இருக்கிறோம்?

செய்ய வேண்டியது பெரிய வேலையல்ல. காயம் பட்டால் உடனே ஓடும் தண்ணியில் சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவுங்கள். சாணி, சாம்பல், கோப்பித்தூள் ஒன்றும் வேண்டாம். அன்றே வைத்தியசாலைக்குப் போய், கடைசி ஊசி எப்போது என்று சொல்லுங்கள். அழுக்கான காயமென்றால் ஐந்து வருடம் கடந்திருந்தாலே மீண்டும் தேவைப்படலாம். சிறுவயதிலிருந்து ஒன்றுமே போடாதவருக்கு மூன்று ஊசி வேண்டும்: முதலாவது, ஒரு மாதத்துக்குப் பின் இரண்டாவது, ஆறு மாதம் கழித்து மூன்றாவது. காயம் வரும்வரை காத்திருக்காமல் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவிலோ கேட்டு வையுங்கள். வெளிநாட்டிலிருந்து விழாவுக்கு வந்த அக்காமாரே, உங்கள் குடும்ப வைத்தியரிடமும் கேளுங்கள். தோட்டம் கொத்துவது நெல்லியடியில் மட்டுமல்ல, ரொறன்ரோவிலும் நடக்கிறது.

மண்டபத்தின் பின்கதவடியில், கோப்பி கொடுக்கும் மேசைக்குப் பக்கத்தில், ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். பெயர், கடைசியாக ஏற்பூசி போட்ட வருடம், இரண்டே நிரல்கள். வருடம் நினைவில்லாதவர்கள் "நினைவில்லை" என்று எழுதுங்கள். வெட்கப்படத் தேவையில்லை. முதல் ஐந்து வரிகளை நேற்று இரவு நாங்களே எழுதினோம். அதில் மூன்று "நினைவில்லை".